கிடங்கில் வேலை பார்த்தவர்

ஹவுஸ் இசைக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயர் ஒரு கிடங்கிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில், தெற்கு ஜெபர்சன் சாலை, எண் 206 என்ற முகவரியில் பழைய தொழிற்கட்டடம் ஒன்று இருக்கிறது. 1977ஆம் ஆண்டில் அங்கே ஒரு நடன விடுதி தொடங்கியது. பெயர் வேர்ஹவுஸ். அங்கே இரவில் கேட்ட பாட்டுகளைத் தேடி இளைஞர்கள் மறுநாள் இசைத்தட்டுக் கடைகளுக்குப் போனார்கள். கடைக்காரர்களும் அத்தகைய தட்டுகளைத் தனியாக அடுக்கி, ‘வேர்ஹவுஸில் கேட்டவை’ என்று சீட்டு ஒட்டினார்கள். போகப்போக அந்தச் சீட்டு சுருங்கி ‘ஹவுஸ்’ ஆகிவிட்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் பெயர்க்கதை.

இன்று உடற்பயிற்சிக் கூடம், பேரங்காடி, விமானத்தில் கதவு மூடும்வரை ஒலிக்கும் பின்னணி இசை என்று எங்கே போனாலும் அந்தத் தாளம் உண்டு. ஓர் அளவுக்கு நான்கு அடி, நான்கும் ஒரே கனம். ‘தும், தும், தும், தும்.’ நம் பழைய திரைப்பாடல்களை ரீமிக்ஸ் என்ற பெயரில் மறுபடி சமைக்கிறார்களே, அதிலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

அந்தக் கிடங்கில் வாராவாரம் விடிய விடிய நின்று வேலை பார்த்தவர் பிராங்கி நக்கல்ஸ். ‘ஹவுஸ் இசையின் தந்தை’ என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அந்தப் பட்டம் அவருக்குப் பொருத்தமானதுதான். ஆனால் அவரை நான் ஓர் இரவு நேரப் பணியாளராகப் பார்க்க விரும்புகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது ‘அப்பா, நான் டிஜே ஆகப் போகிறேன்’ என்று சொன்னால், நாம் அக்கறையோடு கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன.

1955ஆம் ஆண்டு ஜனவரி 18இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். படித்தது துணி வடிவமைப்பு. பதின்ம வயதிலேயே லாரி லெவன் என்ற நண்பரோடு சேர்ந்து நியூயார்க்கின் நடன விடுதிகளில் சுற்றத் தொடங்கி, பிறகு இருவருமே தட்டுகளைச் சுழற்றும் வேலையில் இறங்கினார்கள். சிக்காகோவில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் வேர்ஹவுஸைத் தொடங்கியபோது, முதலில் அழைத்தது லாரியைத்தான். லாரி நியூயார்க்கை விட்டு வர மறுத்தார். அடுத்து பிராங்கியைக் கேட்டார்கள். 22 வயதில் ஊர் விட்டு ஊர் போனார். இரண்டாவதாகக் கேட்கப்பட்டவரின் பணியிடம்தான் ஓர் இசை வகைக்கே பெயர் கொடுத்தது.

வேர்ஹவுஸுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இன இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்கள். மற்ற விடுதிகளின் வாசலில் வரவேற்பு இல்லை. சொந்த வீட்டிலேயே சிலருக்கு இடமில்லை. கிடங்கில் மது விற்பனை கிடையாது, பழச்சாறுதான். சனிக்கிழமை இரவு தொடங்கினால் ஞாயிறு பகல்வரை ஆட்டம் போகும். நடுவில் பிராங்கி ஒரு வேலை செய்வாராம். விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, விரைவு ரயில் ஒன்று கடந்துபோகும் ஒலிப்பதிவை முழுச் சத்தத்தில் வைப்பார். கும்மிருட்டில் ஒரு பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து மறு பக்கத்துக்கு ரயில் ஓடும். கூடமே அலறும்.

தட்டைச் சுழற்றுவது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கிள்ளானில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்ப் பாருங்கள். மேடை ஓரத்தில் டிஜே நின்றுகொண்டிருப்பார். மாமா ஒருவர் வந்து எம்.ஜி.ஆர். பாட்டு கேட்பார்; அவர் நகர்ந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் வந்து அனிருத் கேட்பார்கள்; மணப்பெண்ணின் அத்தை வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். மூவரையும் பகைத்துக்கொள்ளாமல், ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவருக்குப் பிரியாணி, அதுவும் மிச்சமிருந்தால்.

பிராங்கியின் காலத்தில் இதைக் கணினி இல்லாமல் செய்தார்கள். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 118 அடி வேகத்தில் ஓடும். அடுத்தது 122. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஆடுபவருக்குத் தெரியாமல் தாவ முடியும். ஒரு காதில் ஹெட்போன் வழியாக அடுத்த பாட்டு, மறு காதில் கூடத்தில் ஓடும் பாட்டு. சுழலும் வேகத்தை நூலளவு கூட்டியும் குறைத்தும், இரண்டு தாளமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை கையால் சரிசெய்ய வேண்டும். அதற்குள் ஓடுகிற பாட்டு முடிந்துவிடக் கூடாது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இந்தப் பரீட்சை. இப்படி ஓர் இரவு முழுக்க.

சுமையையும் சொல்ல வேண்டும். 12 அங்குலத் தட்டு ஒன்று உறையோடு ஏறக்குறைய கால் கிலோ. 80, 90 தட்டு அடங்கிய ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்டும். ஓர் இரவுக்கு ஒரு பெட்டி போதாது. மாடிப்படி ஏற்றியதும் இறக்கியதும் பெரும்பாலும் டிஜேக்களின் கைகள்தான்.

இந்தத் தொழிலில் அவருக்கு வந்த முதல் பெரிய சோதனை சரக்குத் தட்டுப்பாடு. 1979ஆம் ஆண்டு ஜூலை 12இல் சிக்காகோவின் கொமிஸ்கி பேஸ்பால் அரங்கில் ஒரு கூத்து நடந்தது. ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 காசுக்கு நுழைவுச்சீட்டு என்று அறிவித்திருந்தார். அரங்கு நிரம்பி வழிந்தது. இரு ஆட்டங்களுக்கு நடுவே, குவிந்த தட்டுகளை மைதானத்தின் நடுவில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து புல்தரையைக் கிளறியதில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்று அந்த அரங்கில் இருக்கை காட்டும் வேலை பார்த்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர். வெடிக்கப் போன தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் இருந்தன என்று அவர் பிறகு சொன்னார். வெறுப்பு டிஸ்கோ மீது மட்டுமா என்பதற்கு அந்தக் குவியலே பதில். அதே வின்ஸ் லாரன்ஸ் ஐந்தாண்டு கழித்து, 1984இல், ஜெசி சாண்டர்ஸோடு சேர்ந்து எழுதிய ‘ஆன் அண்ட் ஆன்’தான் முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரால் சொல்லப்படுகிறது.

அந்த வெடிக்குப் பிறகு பெரிய இசை நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைகழுவின. ஆடுவதற்கென்று வரும் புதுத் தட்டுகள் குறைந்தன. ஆனால் கிடங்குக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். போன வாரம் போட்டதையே இந்த வாரமும் போட்டால் எத்தனை நாள் வருவார்கள்? பிராங்கி இருக்கிற அரிசியிலேயே உலை வைத்தார். ஒலிப்பதிவுப் பயிற்சி பெற்றிருந்த நண்பர் ஒருவரின் துணையோடு, பழைய பாட்டுகளை நாடாவில் பதிந்து, பிளேடால் வெட்டி, ஒட்டினார். பாட்டின் தொடக்கத் தாளத்தை மூன்று மடங்கு நீட்டுவது, குரலைத் தள்ளிப் போடுவது, ஆடுபவர்கள் கைதூக்கும் அந்தப் பத்து விநாடியை நாலுமுறை வரவைப்பது. தெரிந்த பாட்டுதான், ஆனால் வேறெங்கும் கேட்க முடியாத பாட்டு.

அதற்கு மேல் இயந்திரமும் வந்து சேர்ந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-909 என்ற தாள இயந்திரம் நிஜ டிரம் வாசிப்பைப் போலில்லை என்று இசைக்கலைஞர்கள் பலர் ஒதுக்கிய பொருள். விரைவிலேயே உற்பத்தியும் நின்றது. டிட்ராய்ட் நகரின் டெரிக் மே தன்னிடமிருந்த ஒன்றை பிராங்கிக்கு விற்றார். தட்டு ஓடும்போதே அடியில் அந்த இயந்திரத்தின் தாளத்தைக் கனமாக ஏற்றினார் பிராங்கி. இன்று உலகம் முழுக்க ஒலிக்கும் ‘தும் தும்’முக்குப் பின்னால் இப்படிப்பட்ட கைமாற்றுப் பொருள்களின் கதை இருக்கிறது. இல்லாமையைச் சமாளித்ததில் பிறந்தது இந்த இசை.

1982ஆம் ஆண்டு இறுதியில் பிராங்கி வேர்ஹவுஸை விட்டு வெளியேறி, பவர் பிளாண்ட் என்ற சொந்த விடுதியைத் தொடங்கினார். சொந்தக் கடை வைத்தவர்களுக்குத் தெரியும், அது இன்னொரு தலைவலி. சில ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டு, 80களின் பிற்பகுதியில் மறுபடி நியூயார்க்குக்கே போய்ச் சேர்ந்தார்.

இனி காசு.

டிஜே போடும் பாட்டு டிஜேயுடையதல்ல. ஓர் இரவில் முப்பது பாட்டை உயிர்ப்பித்தாலும், அவற்றின் ராயல்டியில் ஒரு காசு அவருக்கு வராது. அன்றிரவுச் சம்பளம் மட்டும்தான். அதனால்தான் டிஜேக்கள் சொந்தமாகப் பாட்டு தயாரிக்க வருகிறார்கள். அங்கேயும் நிலைமை இனிப்பாக இல்லை. சிக்காகோவில் ஹவுஸ் பாட்டுகளைத் தட்டாக வெளியிட்ட முக்கிய நிறுவனம் டிராக்ஸ். ‘மூவ் யுவர் பாடி’ என்ற பாட்டை 1986இல் அங்கே வெளியிட்ட மார்ஷல் ஜெபர்சன், அப்போது தபால் நிலைய ஊழியர். அதே நிறுவனத்தில் ‘கேன் யூ பீல் இட்’ வெளியிட்ட லாரி ஹேர்ட், பாடகர் ராபர்ட் ஓவன்ஸ் இருவரும் பல ஆண்டுகளாகத் தங்களுக்கு ராயல்டி தரப்படவில்லை என்று 2020இல் நீதிமன்றம் போனார்கள். 2022இல் சமரசம் ஏற்பட்டு, பாட்டுகளின் உரிமை அவர்களிடம் திரும்பியது. பாட்டு வந்து 35 ஆண்டுக்கு மேல். இருபத்தைந்து வயதில் செய்த வேலைக்கு அறுபதில் பத்திரம் கைக்கு வந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

யாருடைய பாட்டு என்பதே அந்தக் காலத்தில் குழப்பம். பிராங்கியும் இதில் வெறும் பாதிக்கப்பட்டவர் அல்லர். ‘யுவர் லவ்’ என்ற புகழ்பெற்ற பாட்டை எழுதிப் பாடியவர் ஜேமி பிரின்சிபல். நாடாவில் அது பிராங்கியிடம் வந்து, தட்டாக வெளிவருவதற்கு முன்பே விடுதியில் பிரபலமாகிவிட்டது. 1987இல் டிராக்ஸ் வெளியிட்ட தட்டிலோ பிராங்கி நக்கல்ஸ் என்ற பெயர் இருந்தது. பிறகு இங்கிலாந்தில் அதே இசையின் மேல் கேண்டி ஸ்டேடன் என்ற பாடகியின் குரலை ஒட்டி, மூன்றாவது ஒரு பெயரில் வெளியிட்டார்கள். 1991இல் அது அங்கே பெரிய வெற்றி. ஒரே இசை, கேட்பவருக்கு ஒரே மகிழ்ச்சி, உரிமைக்காரர் யார் என்று கேட்டால் மட்டும் வழக்கறிஞர் வேண்டும். தங்கள் பாட்டுகளை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் நம் இளைஞர்கள், ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

90கள் பிராங்கியின் நல்ல காலம். ‘தி விசில் சாங்’ 1991இல் வந்தது. மைக்கல் ஜாக்சன், டயானா ராஸ், சாக்கா கான் போன்ற பெரும் பாடகர்களின் பாட்டுகளுக்கு ரீமிக்ஸ் செய்தார். ரீமிக்ஸுக்குப் பெரும்பாலும் ஒரே தடவைச் சம்பளம்தான். பாட்டு உலகம் முழுக்க ஓடினாலும் தொடர் வருமானம் வராது. சிறந்த ரீமிக்ஸ் கலைஞருக்கான கிராமி விருது 1998இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அது அவருக்கே போனது.

உடம்பைப் பற்றி விருதுக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிலையத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கணக்குப் போட்டால் கால் மணி நேரம்தான் மிஞ்சும். நடன விடுதியின் சத்தம் அந்த அளவை எளிதில் தொடும். டிஜே அங்கே நிற்பதோ பல மணி நேரம். தூக்கம் பகலில், சாப்பாடு கிடைத்த நேரத்தில் கிடைத்தது, வாரம் ஒரு நாடு, உடம்புக்கு எது காலை எது இரவு என்றே தெரியாத வாழ்க்கை. அதில் போதைப்பொருள் கையெட்டும் தூரத்தில் கிடக்கும். எய்ட்ஸ் வேறு அந்தத் தலைமுறையின் ஆடுகளங்களை வெறுமையாக்கியது. வேர்ஹவுஸில் பிராங்கிக்குப் பின், மியூசிக் பாக்ஸ் என்ற விடுதியைப் புகழ்பெறச் செய்த ரான் ஹார்டி 1992 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு 33 வயது. அதே ஆண்டு நவம்பரில் பால்ய நண்பர் லாரி லெவன் போனார். 38 வயது.

பிராங்கியைப் பிடித்தது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த நோய். இனிப்புநீர்.

அதற்கு முன்னும் பின்னுமாக இன்னொரு விபத்து. பனிச்சறுக்கு விளையாடியபோது கால் முறிந்தது. முறிந்த இடத்தில் எலும்பில் கிருமித்தொற்று. இனிப்புநீர் உள்ளவருக்குக் காலில் காயம் என்றால் என்ன ஆகும் என்பதை நம்மில் பலர் தாத்தா, பாட்டி, பெரியப்பா என்று யாராவது ஒருவர் வழியாகப் பார்த்திருக்கிறோம். நரம்பு மரத்துப் போவதால் வலி தெரிவதில்லை. இரத்த ஓட்டம் குறைவதால் புண் ஆறுவதில்லை. சிகிச்சைக்கு ஓய்வு வேண்டும், காலைத் தரையில் ஊன்றாமல் இருக்க வேண்டும். பிராங்கி வேலையை நிறுத்திச் சிகிச்சைக்காக ஒதுங்க மறுத்தார். 2008இல் பாதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில்தான் எனக்கு அவருடைய மற்ற பெருமைகள் எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. நாமெல்லாம் காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குப் போய் எம்.சி. வாங்கிக்கொண்டு படுக்கிறோம். டிஜேக்கு எம்.சி. கிடையாது. ஊழியர் சேமநிதி கிடையாது. நின்றால்தான் சம்பளம்; ஆறு மாதம் காணாமல் போனால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பார். நிகழ்ச்சிகளோ பல மாதங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்டவை, விமானச் சீட்டு எடுத்தவை, சுவரொட்டி ஒட்டியவை. உலகப் புகழ் பெற்ற கிராமி விருதாளராலேயே ‘கால் சரியாகும்வரை வரமாட்டேன்’ என்று சொல்லி ஒதுங்க முடியவில்லை என்றால், வார இறுதிக் கல்யாணத்துக்கு முந்நூறு வெள்ளி, ஐந்நூறு வெள்ளி என்று பேரம் பேசப்படும் நம் ஊர்ப் பையன் எங்கே சொல்லப் போகிறான்? டிஜே ஆகப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைத் திட்டி அடக்குவதைவிட, காதில் அடைப்பான் போடுகிறாயா, மருத்துவக் காப்புறுதி எடுத்தாயா, இரவு எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிற பெற்றோர் கூடுதல் உதவி செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பாதம் போன பிறகும் பிராங்கி வேலைக்குத் திரும்பினார். நாடு நாடாகப் பறந்தார். 2014 மார்ச் மாத இறுதியில் லண்டனின் மினிஸ்ட்ரி ஆப் சவுண்ட் விடுதியில் வாசித்துவிட்டு சிக்காகோ திரும்பினார். மார்ச் 31, திங்கட்கிழமை, இனிப்புநீர்ச் சிக்கல்களால் இறந்தார். வயது 59.

ஊர் அவரை மறக்கவில்லை. ஜெபர்சன் சாலையின் ஒரு பகுதிக்கு 2004ஆம் ஆண்டிலேயே, அவர் உயிரோடு இருந்தபோதே, அவருடைய பெயரைச் சூட்டியிருந்தது. அதற்குத் துணைநின்றவர்களில் ஒருவர் அப்போது இலினாய் மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா. டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த அதே ஊர்தான் இது. வேர்ஹவுஸ் கட்டடம் இடிபட்டுவிடும் என்ற கவலை எழுந்தபோது, 2023இல் சிக்காகோ நகர மன்றம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

அவருடைய இசைத்தட்டுகள் நகரின் தென்பகுதியில், ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற இடத்தில் இருக்கின்றன. 1920களில் வங்கியாகக் கட்டப்பட்டு, பாழடைந்து கிடந்து, கலைஞர் தியேஸ்டர் கேட்ஸின் முயற்சியால் கலைக்கூடமாக மாறிய கட்டடம் அது. மொத்தம் ஏறத்தாழ 5,000 தட்டுகள். கால் கிலோ கணக்கில் நிறுத்தால் ஒரு டன்னுக்கு மேல் வரும்.